பின்கட்டில் லைன் போகும் நேரம்

அண்ணி,

இன்று காலை நடு முற்றத்து மேசையைத் துடைக்கும்போது ரூட்டர் மேல் கிடந்த குரோஷா உறையைக் கையில் எடுத்தேன். ரோஜா நிறமும் பச்சையும் கலந்து நீங்கள் பின்னியது. ரூட்டர் ஓயாமல் ஓடிச் சூடாகிக் கிடப்பதால் உறையும் வெதுவெதுவென்று இருந்தது. அந்தச் சூட்டில் உங்கள் முட்டித் தைலத்தின் வாசனை எழுந்து வந்தது. நீங்கள் போன பிறகு ஒரு தீபாவளியும் வந்து போய்விட்டது. இந்த வாசனை மட்டும் அதற்குள் உட்கார்ந்துகொண்டு இருந்திருக்கிறது. துடைக்கிற துணியோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த உறைக்காக நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? தொலைக்காட்சிக்கு ஓர் உறை, தண்ணீர் வடிகட்டிக்கு ஓர் உறை, யாரும் அழைக்காத வீட்டுத் தொலைபேசிக்கு ஓர் உறை என்று இந்த வீட்டுக்கே சட்டை தைத்துப் போட்டவர் நீங்கள். ரூட்டருக்கு வேண்டாம், அது மூச்சு விட வேண்டும், சூடானால் கெட்டுப்போகும் என்றேன். “தூசி அடைஞ்சா மட்டும் நல்லா மூச்சு விடுமாக்கும்” என்றீர்கள். நான் எடுத்து மடித்து வைப்பேன். நீங்கள் மறுபடி போர்த்திவிட்டுப் போவீர்கள். கடைசியில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். இப்போது எடுத்து வைக்க எனக்கு மனமில்லை. கெட்டால் கெட்டுப் போகட்டும்.

ஊரில் கணவரின் அக்காவும் தம்பி மனைவியும் ஒரே வீட்டில் தனியாக இருந்தார்கள் என்றால் யாரும் நல்லதாக எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள். நாமும் ஒன்றும் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள் இல்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் சாம்பாரில் புளி தூக்கலாக இருப்பதாக நீங்கள் சொன்னதை நானும் மறக்கவில்லை, அதற்கு நான் சொன்ன பதிலை நீங்களும் மறக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிக் கப்பலில் பினாங்குக்கு வருவீர்கள், பலகாரத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பெர்ரியில் திரும்பிவிடுவீர்கள். உங்கள் வீட்டுக்காரர் போய், பிறகு உங்கள் தம்பியும் போன பிறகு, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கும் உங்கள் மகன்தான் பேசினான். “ரெண்டு பேரும் ஆளுக்கொரு கரையில தனியா கெடக்கிறதுக்கு ஒரே வீட்டுல கெடக்கலாம்லா” என்றான். எனக்குப் பிள்ளை இல்லை. உங்களுக்கு இருந்தும் கூப்பிடு தூரத்தில் இல்லை. இரண்டு பைகளோடும் நூல் பெட்டியோடும் வந்து இறங்கினீர்கள்.

லிட்டில் இந்தியாவுக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கும் இந்தப் பழைய வரிசை வீடுகளை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவற்றின் நீளம் தெரியாது. வாசல் ஒரு கார் அகலம்தான் இருக்கும். உள்ளே போனால் கூடம், அதை அடுத்து ஓர் அறை, பிறகு வானம் பார்த்த நடு முற்றம், சமையல்கட்டு, அதற்கும் பின்னால் பின்கட்டு அறை என்று போய்க்கொண்டே இருக்கும். குளியலறை பக்கம் என்பதால் அந்தக் கடைசி அறையை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். நான் முன்னறையில் இருந்தேன். நான் இங்கிருந்து கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது. கூடத்தில் இருந்த ரூட்டருக்கும் அதே கதிதான். முழங்கை நீளத்துக்குக் கனமான அந்தக் காலத்துச் செங்கல் சுவர்களைத் தாண்டி வைபை உங்கள் அறைக்கு வந்து சேரவில்லை.

அதனால் மாலையானால் நீங்கள் கூடத்துக்கு வருவீர்கள். பெர்த்துக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம் என்பது உங்களுக்குப் பெரிய ஆறுதல். அங்கே பேத்தி பள்ளி விட்டு வந்து குளித்து உட்காரும் நேரத்தில் இங்கே நீங்கள் முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு, போனை மார்போடு அணைத்தபடி, முற்றத்தைக் கடந்து, ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி வந்து சேர்வீர்கள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் ஸ்டாண்டு விசிறியை உங்கள் பக்கம் திருப்பி வைப்பேன். அவ்வளவுதான் நம் வரவேற்பு. பெர்த் வரைக்கும் நேராகவே கேட்கட்டும் என்பது போலக் கத்திப் பேசுவீர்கள். பேத்தி பாதி ஆங்கிலத்தில் சொல்வதற்கெல்லாம் “ஆமா கண்ணு, ஆமா கண்ணு” என்பீர்கள். அழைப்பு முடிந்ததும் உடனே எழுந்து போக மாட்டீர்கள். தொலைக்காட்சியில் தொடர் ஒன்று ஓடும். அதில் வரும் மாமியார் என் மாமியாரைப் போல, அதாவது உங்கள் அம்மாவைப் போல, இருக்கிறாள் என்று நான் சொல்ல, நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைப்பீர்கள்.

ஒரு மழை நாளில் முற்றத்து ஈரத் தளத்தில் கால் வழுக்கித் தூணைப் பிடித்துக்கொண்டீர்கள். விழவில்லை. ஆனால் நான் பார்த்துவிட்டேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த அம்மாள் இனிமேல் ஒரு போனுக்காக இந்த ஈரத்தைக் கடக்கக் கூடாது என்று.

துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ தெருவில் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, பிரிண்டர் முரண்டு பிடித்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. முன்பு வேறு கம்பெனி இன்டர்நெட் லைன் போட்டிருந்தபோது வந்த பழைய ரூட்டர் அலமாரியில் கிடந்தது. அதை இரண்டாவது ரூட்டராக்கி, முன்னால் இருப்பதிலிருந்து லைனை வாங்கிப் பின்னால் அனுப்ப வைக்கலாம் என்று வீடியோவில் ஒருவன் சொன்னான். நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, உங்கள் அறைக்குத்தானே வேண்டும் என்று, உங்கள் அறை இரும்பு அலமாரி மேலேயே கொண்டுபோய் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி தொடக்கத்திலிருந்து செய்தேன். மறுபடி சிவப்பு. என் முகத்தையும் அதன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், நூலிலிருந்து ஊசியை எடுக்காமலே சொன்னீர்கள்.

“ஏன் கமலா, இந்த ரூமுக்குத்தான் லைனே வரலியே. அதுக்கே கேக்கலேன்னா அது எனக்கு என்னத்த எடுத்துச் சொல்லும்?”

அந்த வீடியோக்காரன் கடைசியில் சொல்லியிருந்ததும் அதுதான், நான்தான் அதற்குள் அணைத்துவிட்டிருந்தேன். லைன் செத்துப்போன இடத்தில் வைத்து என்ன பயன், அது இன்னும் கொஞ்சமாவது உயிரோடு இருக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். அப்படியென்றால் நடு முற்றம். அங்கே ஓரத்துக் கூரைக்குக் கீழே, சமையல்கட்டுச் சுவரில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அது சோறு வைக்கும் குக்கருடையது. சோற்றைப் பகலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று குக்கரை எடுத்துவிட்டு ரூட்டரைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. உங்கள் கட்டிலில் உட்கார்ந்தபடியே பேத்தியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. “கெட்டிக்காரிதான்” என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது.

அதற்கு அடுத்து வந்த மாலைகளை நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை. நான் கூடத்தில் தொடரைப் பார்த்தேன். சிரிப்பு வரும் இடத்தில் சிரிப்பு வரவில்லை. பின்கட்டிலிருந்து உங்கள் “ஆமா கண்ணு” சுவர்களைத் தாண்டி மெலிசாக வரும். பிறகு அதுவும் நின்றுவிடும். பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. விசிறி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதாவது நான் எழுந்து வந்து உங்கள் அறையில் உட்கார்ந்திருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். என்ன சொல்லிக்கொண்டு வருவது? காரணம் இல்லாமல் ஒரு மனுஷரிடம் போய் உட்கார நம் இருவருக்குமே தெரியாது, அண்ணி. நாம் அந்த மாதிரி ஆட்கள். கையில் ஒரு கிண்ணம் ரசமாவது இருக்க வேண்டும், இல்லை ஒரு புகாராவது இருக்க வேண்டும்.

சில வாரம் இப்படிப் போன பிறகு, ஒரு மாலை உங்கள் செருப்புச் சத்தம் முற்றத்தில் கேட்டது. போனை மார்போடு அணைத்தபடி வந்து நின்றீர்கள். பின்கட்டில் லைன் போய்விட்டது, சோறு வைக்கப் பிளக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று என்றீர்கள். நியாயம்தானே. நான் விசிறியைத் திருப்பி வைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் சோறு. இரண்டு பேருக்குச் சோறு வேக அத்தனை நேரமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்தான் இயந்திர மூளைக்காரியாயிற்றே, காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன வழியில் பிளக் பலகை ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். குக்கருக்கு ஒரு துளை, ரூட்டருக்கு ஒரு துளை, இன்னும் மிச்சம் வேறு. பிரச்சினை தீர்ந்தது என்று உங்களிடம் பெருமையாகக் காட்டினேன். நீங்கள் பலகையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

அன்று மாலையும் லைன் போனது.

ரூட்டர் பழசாகிவிட்டதோ, உறைதான் காரணமோ என்று மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பலகையில் குக்கர் செருகியபடி இருந்தது. பக்கத்தில் துளைகள் சும்மா கிடந்தன. ரூட்டரின் பிளக் மட்டும் மேசைமேல் ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எடுத்தேன். தைல வாசனை. முட்டிக்குத் தடவிய கையோடு வந்து, பிடுங்கி, வயரைச் சுருட்டி, உறையையும் சரி செய்துவிட்டு, அந்த முட்டியோடு ஈரத்தைக் கடந்து என்னிடம் வந்திருக்கிறீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நீங்கள் ரோஷக்காரி, அதற்குப் பிறகு உயிர் போனாலும் வந்திருக்க மாட்டீர்கள். அன்று நான் செய்ததெல்லாம், முற்றத்து வழுக்கல் தளத்தின் மேல் ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டதுதான்.

அப்புறம் அது நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. காலையில் நான் செருகுவேன். மாலையில் நீங்கள் பிடுங்குவீர்கள். “லைன் இல்ல கமலா” என்பீர்கள். இந்தப் பழைய ரூட்டரைத் தூக்கிப் போட வேண்டும் என்பேன் நான். கோயில் திருவிழா நாளில்கூட, ஊரே மார்க்கெட் ஸ்திரீட்டில் நிற்கும்போதும், நம் வீட்டில் லைன் தவறாமல் போனது. ஒரு நாள் தொடர் முடிந்து எழுந்திருக்கும்போது, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் நீங்கள் சொன்னீர்கள்.

“இந்த லைனு நாளைக்கும் இப்படித்தான்லா போகும் போல.”

“போனா போகட்டும் அண்ணி” என்றேன்.

எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா? அந்த ஒன்றைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்திருந்தால் நல்லது. தெரியாமல் போயிருந்தாலும் பரவாயில்லை.

நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு நாள் காலையில் சொன்னீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகன் விமானம் ஏறி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. எல்லாம் முடிந்து, அவனும் திரும்பிப் போன பிறகு, முதல் தடவையாகத் தனியாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்த மாலையில், மணி ஆக ஆக என் காது முற்றத்துப் பக்கமே இருந்தது. பிறகு எழுந்துபோய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்தப் பழைய ரூட்டர் ஒரு நாள்கூட நிற்கவில்லை, அண்ணி. பின்கட்டில் லைன் போகவே இல்லை. இப்படி ஒரு நல்ல ரூட்டரைப் பினாங்கிலேயே பார்க்க முடியாது. அது ஓடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் அறையைப் பூட்டி வைக்க முடியவில்லை. மகனிடம் கேட்டுக்கொண்டு ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட்டேன். தர்ஷினி என்று பெயர். அம்மா வீடு சுங்கை பட்டாணியில். இவள் பயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வந்த அன்றே முற்றத்தில் நின்று உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ரிப்பீட்டர்தானே ஆண்ட்டி? முன்னால உள்ளது ஓகேன்னாதான் இது ஓகே. அது போச்சுன்னா இதுவும் போச்சு” என்றாள். விவரமான பெண்தான். மரியாதையான பெண். காலையில் “போய்ட்டு வரேன் ஆண்ட்டி”, மாலையில் “வந்துட்டேன் ஆண்ட்டி”. அதற்கு மேல் கதவு சாத்தியிருக்கும். அவளைக் குறை சொல்லவில்லை. நாள் பூராவும் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவளுக்கு என்னோடு என்ன பேச்சு?

போன வாரம் ஒரு மாலை, நான் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். நீங்கள் சுருட்டுவது போலவே வயரைச் சுருட்டி வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பிரம்பு நாற்காலியின் பக்கம் விசிறியைக்கூடத் திருப்பி வைத்தேன், பாருங்கள் என் ஆசையை. தொடர் முடிந்தது. யாரும் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தபோது, சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் யாரோடோ பேசிச் சிரிப்பது கேட்டது. போனிலேயே டேட்டா இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு நம் லைன் எதற்கு? பிளக்கைச் செருகிவிட்டுத் திரும்பினேன். என் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீடு எனக்கு அவ்வளவு நீளமாகத் தெரிந்ததே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. உங்கள் போனிலும் மகன் மாதா மாதம் டேட்டா போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். அறையில் உட்கார்ந்தே பேசியிருக்கலாம். தீர்ந்துவிடுமே என்று பேத்தியோடு பேசக்கூட நீங்கள் அதைச் செலவு செய்ததில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நேற்று மாலை மழை. கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சியைப் போடப் பிடிக்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுந்தேன். இரண்டு நாளாக எனக்கும் வலது முட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் புட்டியில் அடியில் மிச்சமிருந்த தைலத்தைத் தடவிக்கொண்டேன். போனை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். ரப்பர் விரிப்பின் மேல் நடந்து முற்றத்தைக் கடந்தேன். ரூட்டர் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதைத் தொடவில்லை. நேராகப் போய் அந்தக் கதவைத் தட்டினேன்.

தர்ஷினி திறந்தாள். தலையில் துண்டு, கையில் மெகி மீ நூடுல்ஸ் கிண்ணம்.

“முன்னால லைன் இல்லம்மா” என்றேன். “இங்க கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துக்கட்டுமா?”

சொன்ன பிறகுதான் என் முட்டாள்தனம் எனக்கே புரிந்தது. முன்னால் போனால் பின்னாலும் போகும் என்று எனக்கே எடுத்துச் சொன்ன பெண் அவள். அவள் கட்டிலில் கிடந்த போனில் யாரோ ஒருத்தி நிற்காமல் ஆடிப் பாடிக்கொண்டிருந்தாள். தர்ஷினி அதைப் பார்த்தாள். என் தோளுக்கு மேலாக முற்றத்துப் பச்சை விளக்கைப் பார்த்தாள். பிறகு, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். அந்த இடத்திலேயே திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது எனக்கு. ஒவ்வொரு மாலையும் கூடத்து வாசலில் நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள் என்று அப்போது தெரிந்தது, அண்ணி. அந்த இரண்டு முட்டியோடு, அத்தனை ரோஷத்தோடு, எத்தனை பெரிய தைரியம் உங்களுக்கு.

“உக்காருங்க ஆண்ட்டி” என்றாள்.

நாற்காலியில் குவிந்திருந்த துணியை அள்ளிக் கட்டிலில் போட்டாள். பிறகு விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

இன்றைக்கும் மாலை வரும். முன்னால் லைன் போகும் போலத்தான் இருக்கிறது.

கமலா